பழைய புல்லட்டுக்குப் புது கார்புரேட்டர்: பார்த்து வாங்குவதும் டியூன் செய்வதும்

என் மாமனாரிடம் 1994 மாடல் புல்லட் 350 இருக்கிறது. வார்ப்பிரும்பு இன்ஜின், வலது காலில் கியர், இடது கையில் டிகம்ப்ரஸர் லீவர். சேந்தமங்கலத்துக்கும் கொல்லிமலைக்கும் முப்பது வருடமாக ஏறி இறங்கிய வண்டி. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருநாள் அது ஸ்லோவில் நிற்க மறுத்தது. ஆக்சிலேட்டரை விட்டால் அணைந்துவிடும். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில், ஸ்லோவுக்குக் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருகினாலும் ஒரே மாதிரிதான். மைலேஜும் பாதியாகிவிட்டது. வண்டியை என் பட்டறை வாசலில் நிறுத்திவிட்டு மாமா சொன்னார்: "கார்புரேட்டர் போயிருச்சுங்க மாப்ளே. புதுசா ஒன்னு வாங்கி மாட்டிருங்க."

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்கு நடுவே சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். எதையும் அளந்து பார்த்த பிறகுதான் போய்விட்டது என்று சொல்வேன், அது தொழில் கொடுத்த பழக்கம். அன்று அளந்ததில் மாமா சொன்னது சரியாக இருந்தது. ஆனால் என்னிடம் வந்த வேறு பல புல்லட்டுகளில் கார்புரேட்டர்மேல் ஒரு தப்பும் இல்லை. அதனால் கடைக்குக் கிளம்பும் முன் செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கடைக்குப் போகும் முன்

ஒரு பள்ளி ஆசிரியர் ஒரே வருடத்தில் இரண்டு கார்புரேட்டர் மாற்றிவிட்டு மூன்றாவதையும் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். வண்டி காலையில் நன்றாக ஓடும், பத்து கிலோமீட்டர் போனதும் இருமி இருமி நின்றுவிடும், ஆறினால் மறுபடி ஸ்டார்ட் ஆகும். பிளக்குக்குப் போகும் கரண்டை வெட்டி விடும் தொடுமுனைதான் பாயின்ட். அதன் மூடியைக் கழற்றி, இருட்டில் வண்டியை ஓடவிட்டுப் பார்த்தேன். பாயின்ட்டில் நீல வெள்ளையாகப் பொறி பறந்துகொண்டே இருந்தது. அந்தப் பொறியை அடக்க வேண்டிய கண்டன்சர் செத்திருந்தது. புதுசு போட்டதும் அவருடைய பழைய கார்புரேட்டரே போதுமானதாக இருந்தது. பெட்ரோல் கோளாறும் கரண்ட் கோளாறும் ஓட்டுபவருக்கு ஒரே மாதிரி இருமலாகத்தான் தெரியும். அதனால் முதலில் கரண்ட் பக்கத்தை முடித்துவிடுங்கள். பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ., பிளக் இடைவெளி 0.5 முதல் 0.6 மி.மீ. பாயின்ட் முகம் கருகி மேடு பள்ளமாக இருந்தால் மாற்றிவிடுங்கள்.

அடுத்து டேப்பெட், அதாவது வால்வைத் தள்ளும் பாகங்களின் இடைவெளி. இந்த இன்ஜினுக்கு ஃபீலர் கேஜ் தேவையில்லை. இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது, பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் நிற்க, புஷ்ராடை இரண்டு விரலால் உருட்டிப் பாருங்கள். தாராளமாக உருள வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. உருளவே இல்லையென்றால் வால்வு சரியாக மூடுவதில்லை. அப்படிப்பட்ட இன்ஜினில் எந்தக் கார்புரேட்டரும் ஸ்லோவில் நிற்காது.

டேங்க் மூடியில் உள்ள காற்றுத் துளையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அது அடைத்துக்கொண்டால் இரண்டு மூன்று கிலோமீட்டரில் பெட்ரோல் இறங்குவது நின்றுவிடும். வண்டி நின்றதும் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் கோளாறு அங்கேதான். பெட்ரோல் டேப்பின் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் பிடித்துப் பாருங்கள், தடையில்லாமல் ஒரே சீராக வர வேண்டும்.

கடைசியாகக் காற்றுக் கசிவு. இன்ஜின் ஸ்லோவில் ஓடும்போது, கார்புரேட்டர் சிலிண்டர் ஹெட்டோடு சேரும் இடத்தைச் சுற்றி ஒரு பிரஷ்ஷால் கெட்டியான ஆயில் தடவுங்கள். ஆயில் பட்டதும் இன்ஜின் ஓட்டம் மாறினால் அந்த இணைப்பு காற்றை இழுக்கிறது. இதற்குப் பெட்ரோலைப் பீய்ச்சிப் பார்ப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். சூடான இன்ஜின்மேல் அதைச் செய்யாதீர்கள், தீப்பிடிக்கும்.

தேய்மானத்தைக் கண்ணால் பார்ப்பது

இவ்வளவும் சரியாக இருந்தும் வண்டி ஸ்லோவில் நிற்கவில்லையென்றால், ஆக்சிலேட்டரைத் திருகும்போது ஏறி இறங்கும் ஸ்லைடை வெளியே எடுங்கள். கார்புரேட்டரின் மேல்மூடியைத் திறந்தால் கேபிளோடு மேலே வரும். உருளையான பாகம், அடியில் ஊசி தொங்கும்.

வெளிச்சத்தில் பிடித்து மெல்லச் சுற்றுங்கள். இன்ஜினைப் பார்த்திருந்த பக்கத்தைக் கவனியுங்கள். இன்ஜின் உறிஞ்சும் ஒவ்வொரு முறையும் ஸ்லைடு அந்தப் பக்கச் சுவரில் போய் ஒட்டி உரசுகிறது. மாமாவின் வண்டியில் அந்தப் பக்கம் முலாம் முழுக்க உரிந்து, விரலகலத்துக்கு ஒரு பட்டை வேறு நிறத்தில் தெரிந்தது. நகத்தை வைத்து இழுத்தால் முலாம் முடியும் இடத்தில் ஒரு சின்னப் படி தட்டியது. அடுத்து பாடியின் உள்துளையை போர் கேஜில் அளந்தேன். முன் பின்னாக ஓர் அளவு, பக்கவாட்டில் ஓர் அளவு எடுத்தால் 0.2 மி.மீ. வித்தியாசம். வட்டமாக இருக்க வேண்டிய துளை முட்டை வடிவமாகிவிட்டது. ஸ்லைடுக்கும் சுவருக்கும் நடுவே கணக்கில் வராத காற்று போய்க்கொண்டே இருந்தால் ஏர் ஸ்க்ரூ எப்படிக் கேட்கும்?

உங்களிடம் போர் கேஜ் இருக்காது, தேவையும் இல்லை. ஊசியைக் கழற்றிவிட்டு வெறும் ஸ்லைடை பாடிக்குள் போட்டு, முன்னும் பின்னும் விரலால் ஆட்டிப் பாருங்கள். 'டக் டக்' என்று தெளிவாகச் சத்தம் கேட்டால் அதன் காலம் முடிந்துவிட்டது. புது ஸ்லைடு மட்டும் வாங்கிப் போடலாமே என்று கேட்பார்கள். பாடி முட்டையானபின் புது ஸ்லைடும் ஆடத்தான் செய்யும். பாடியை லேத்தில் கடைந்து பெரிய ஸ்லைடு போடும் வேலையை நான் ஒருமுறை செய்து கொடுத்திருக்கிறேன். சுவர் மெல்லிசான வார்ப்பு அது. கடையும்போது நெளிந்து, மறுபடி சரிசெய்யவே ஒரு நாள் போனது. கடையில் வேறு கார்புரேட்டர் கிடைக்கும்போது அந்த வழிக்குப் போக வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஊசியும் அது இறங்கும் நீடில் ஜெட்டும்கூட இதே மாதிரி தேயும் (ஜெட் என்பது பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளை). ஜெட் துளை முட்டையானால் நடு ஓட்டத்தில் பெட்ரோல் அதிகமாகக் குடிக்கும்.

எந்த அளவு வாங்குவது

மாமாவின் வண்டியில் இருந்தது மிக்கார்ப் விஎம்24. ஜப்பானின் மிக்குனி வடிவமைப்பு அது. 24 என்பது காற்று போகும் வாயின் விட்டம், மி.மீ. கணக்கில். நான் மறுபடியும் 24-தான் வாங்கினேன். "500 புல்லட்டோட 28 போடுங்க, பிக்கப் பிச்சுக்கும்" என்று எனக்கும் ஆலோசனை சொன்னார்கள். கணக்கைப் பாருங்கள். 24 மி.மீ. வாயின் பரப்பு ஏறக்குறைய 452 சதுர மி.மீ., 28-க்கு 616. மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே பெரிசு. ஆனால் உறிஞ்சும் சிலிண்டர் அதே 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், அதே 346 சிசிதான். அதே காற்று அகலமான வாயில் மெதுவாகப் போகும். காற்று மெதுவாகப் போனால் ஜெட்டிலிருந்து பெட்ரோலை இழுக்கும் வலு குறையும், துளிகள் பெரிதாக விழும். வேகமாகப் போகும்போது கொஞ்சம் நன்றாகத் தெரியலாம். சந்தைக் கூட்டத்தில் நான்காம் கியரில் 'டப், டப்' என்று நிதானமாக நகரும் அந்த இழுவை போய்விடும். புல்லட்டை நாம் வைத்திருப்பதே அதற்காகத்தானே. 28 வைத்து வந்த 500-க்கு போர் 84 மி.மீ., அதற்கு அது பொருத்தம். கேமும் ஹெட்டும் மாற்றிக் கட்டிய இன்ஜினாக இருந்தால் பேச்சு வேறு. கம்பெனி கொடுத்தபடி இருக்கும் 350-க்கு 24-ஐ விட்டு நகராதீர்கள்.

பின்னால் வந்த வண்டிகளில் இருந்த, டயஃப்ரம் வைத்த வேக்குவம் கார்புரேட்டரைப் பொருத்துபவர்கள் உண்டு. ஓட்டம் மென்மையாகத்தான் இருக்கிறது. ஆனால் அடாப்டர் கடைய வேண்டும், கேபிள் மாற்ற வேண்டும், ஃபில்டர் குழாய்க்கு வேறு ரப்பர் தேட வேண்டும். பாதி வழியில் டயஃப்ரம் கிழிந்தால் சேந்தமங்கலத்தில் கிடைக்காது. விஎம் கார்புரேட்டரை எந்தக் கிராமத்து மெக்கானிக்கும் பத்து நிமிடத்தில் பிரித்து ஊதிக் கொடுத்துவிடுவார்.

உங்களுடையது இன்னும் பழைய வண்டியாக, ஆமல் மோனோபிளாக் இருந்து, அதே தோற்றம் வேண்டுமென்றால் இங்கிலாந்தில் பர்லன் நிறுவனம் ஆமல் கார்புரேட்டர்களை இன்றும் புதிதாகத் தயாரிக்கிறது. விலை கூடுதல்தான். ஆனால் திருவொற்றியூரில் ஆரம்ப காலத்தில் கட்டிய ஒரு வண்டியை அதன் பழைய உருவத்திலேயே வைத்திருக்க நினைப்பவர்களுக்கு அது நல்ல வழி. ஒன்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஆமல் ஜெட் எண்ணும் மிக்குனி ஜெட் எண்ணும் ஒன்றல்ல. அதில் இருந்த எண்ணைப் பார்த்து இதற்கு ஜெட் வாங்கக் கூடாது.

கடையில் நின்று பார்க்க வேண்டியது

நான் முதலில் வாங்கியது போலி. நல்ல பெட்டி, நல்ல ஸ்டிக்கர், விலையும் ஒன்றும் மலிவில்லை. மூன்று வாரம் அதோடு மல்லுக்கட்டினேன். மெயின் ஜெட்டில் 90 என்று அடித்திருந்தது. எங்கள் பழைய 90-ஐயும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் கண்ணுக்கே தெரிந்தது, புதுசின் துளை பெரிசு, விளிம்பில் பிசிறும் இருந்தது. எண் பொய் சொன்னால் டியூனிங் எங்கிருந்து வரும்?

அதனால் பழைய கார்புரேட்டரைக் கையோடு எடுத்துப் போங்கள். சென்னை புதுப்பேட்டைக்குப் போனாலும் சரி, ஊர்க் கடைக்குப் போனாலும் சரி, கடைக்காரரிடம் கேட்டு, அடியில் பெட்ரோல் நிற்கும் கப்பை அங்கேயே திறந்து பாருங்கள். ஜெட்களில் எண் கூர்மையாகப் பதிந்திருக்கிறதா? ஸ்லைடைத் தூக்கி விட்டால் தன் எடையில் வழுக்கி விழுகிறதா? இடையில் நிற்கக் கூடாது, விழும்போது ஆடவும் கூடாது. பாடிக்குள் சின்னச் சின்னத் துளைகள் சேரும் இடத்தில் உலோகப் பிசிறு தொங்குகிறதா? இன்ஜினோடு சேரும் ஃபிளாஞ்சில் இரண்டு ஸ்டட் துளைகளின் இடைவெளி பழையதோடு பொருந்துகிறதா? உங்கள் வண்டியில் ஃபிளாஞ்ச் இல்லாமல் ரப்பர் கழுத்து இருந்தால் அதன் வெளிவிட்டத்தை ஒப்பிடுங்கள். சோக் லீவரும் ஏர் ஸ்க்ரூவும் பழையது இருந்த அதே பக்கம் இருக்க வேண்டும், மாறியிருந்தால் வண்டியில் மாட்டியபின் ஸ்க்ரூடிரைவர் நுழையாது. இதையெல்லாம் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

மாட்டும் முன்பும் மாட்டும்போதும்

புதுசுதானே என்று அப்படியே மாட்டிவிடக் கூடாது. முழுக்கப் பிரித்துப் பெட்ரோலில் கழுவி எல்லாத் துளையிலும் காற்று அடியுங்கள். நான் வாங்கிய இரண்டாவது கார்புரேட்டர் அசல்தான், அதிலிருந்தே தலைமுடி கனத்துக்கு ஒரு உலோகச் சுருள் வந்தது. பைலட் ஜெட்டில் போய் அடைத்திருந்தால் அடுத்த ஒரு வாரம் தேடியிருப்பேன். பிரிக்கும்போதே மெயின் ஜெட் எண், பைலட் ஜெட் எண், ஸ்லைடில் அடித்த எண், ஊசியின் எண், ஊசியைத் தாங்கும் கிளிப் மேலிருந்து எத்தனையாவது பள்ளத்தில் இருக்கிறது என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஞாபகத்தில் வைத்துக்கொண்டு டியூன் செய்பவர்கள் கடைசியில் தொடங்கிய இடமே தெரியாமல் நிற்பார்கள்.

கப்பைக் கழற்றியபடி பாடியைத் தலைகீழாகப் பிடியுங்கள். மிதவை தள்ளும் அந்தச் சின்னக் கை, கேஸ்கட் உட்காரும் தளத்துக்கு இணையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அதன் நாக்கை ஒரு மயிரிழை வளைத்துச் சரிசெய்யுங்கள். கப்பில் பெட்ரோல் மட்டம் கூடினால் எல்லா ஜெட்டும் கூடுதலாக ஊற்றும், குறைந்தால் எல்லாம் பட்டினி கிடக்கும். மிதவை தப்பாக இருக்கும்போது ஜெட் மாற்றிக்கொண்டிருப்பது வீண் வேலை.

ஃபிளாஞ்ச் தட்டையா என்று பார்க்க ஒரு கண்ணாடித் துண்டு போதும். அதன்மேல் நீர்த்தாள் எமரி விரித்து, ஃபிளாஞ்சை எட்டு வடிவில் நான்கு சுற்று தேய்த்துவிட்டு முகத்தைப் பாருங்கள். எல்லா இடமும் ஒரே மாதிரி மினுங்கினால் நல்லது. இரண்டு ஸ்டட் துளைப் பக்கம் மட்டும் மினுங்கி நடுவில் மங்கலாக இருந்தால் ஃபிளாஞ்ச் வளைந்திருக்கிறது. நட்டை ஓங்கி இறுக்கியதால் வருவது இது. முகம் முழுக்க மினுங்கும்வரை தேய்த்து எடுங்கள். இன்ஜின் சூட்டைத் தடுக்க நடுவில் வரும் தடித்த துண்டை எறிந்துவிடாதீர்கள், அது இல்லாமல் மாட்டினால் வெயிலில் சிக்னலில் நிற்கும்போது பெட்ரோல் கப்பிலேயே கொதிக்கும். இரண்டு பக்கமும் புது கேஸ்கட் போட்டு, நட்டுகளை மாற்றி மாற்றிக் கால் கால் சுற்றாக இறுக்குங்கள். கையளவு அழுத்தம் போதும்.

ஸ்லைடில் சாய்வாக வெட்டிய பக்கம் ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். ஸ்லைடின் காடி பாடியில் உள்ள பின்னில் சரியாக உட்கார வேண்டும். ஸ்டார்ட் செய்யும் முன் ஆக்சிலேட்டரைத் திருகி விட்டுப் பாருங்கள், 'டொக்' என்று தானாகக் கீழே விழும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் கிக்கரை மிதிக்காதீர்கள். திறந்தபடி சிக்கிய ஸ்லைடு உயிருக்கே ஆபத்து. கேபிளில் 2 மி.மீ. தளர்வு வைத்து, ஹேண்டில்பாரை இந்தக் கோடி அந்தக் கோடி திருப்பும்போது கேபிள் இழுபடுகிறதா என்று பாருங்கள்.

டியூனிங்

ஏர் ஃபில்டர், மூடி, சைலன்சர் எல்லாம் ஓட்டப்போகும் நிலையில் இருக்கும்போதுதான் டியூன் செய்ய வேண்டும். ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டு டியூன் செய்து, பிறகு மாட்டினால் எல்லாம் மாறிவிடும்.

ஆக்சிலேட்டர் பிடியில் ஒரு வெள்ளை டேப் ஒட்டுங்கள். மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுசு என்று பேனாவால் கோடு போடுங்கள். எதிரே ஸ்விட்ச் பக்கத்தில் ஒரு கோடு. இந்தக் கோடுகள்தான் டியூனிங்கின் கண். கார்புரேட்டரில் ஒவ்வொரு பாகமும் ஒவ்வொரு எல்லையில் வேலை செய்கிறது. மூடிய நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும், அங்கிருந்து கால் வரை ஸ்லைடின் சாய்வு வெட்டு, காலிலிருந்து முக்கால் வரை ஊசி, அதற்கு மேல் மெயின் ஜெட். வண்டியின் வேகம் இதில் கணக்கில்லை, பிடி எவ்வளவு திறந்திருக்கிறது என்பதுதான் கணக்கு. 'நாற்பதில் போகும்போது இழுக்குதுங்க' என்று வருபவரிடம் நான் முதலில் கேட்பது, அப்போது பிடி எந்தக் கோட்டில் இருந்தது என்றுதான்.

முதல் ஸ்டார்ட்டுக்கு ஏர் ஸ்க்ரூவை மெதுவாக உட்காரும்வரை திருகி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். சோக் போட்டு கிக் செய்யும்போது ஆக்சிலேட்டரைத் தொடாதீர்கள். இந்த வகை சோக் ஸ்லைடு மூடியிருந்தால்தான் பெட்ரோலை இழுக்கும், பலர் திருகிக்கொண்டே மிதித்துக் களைத்துப் போவது இதனால்தான்.

பத்து பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி இன்ஜின் நன்றாகச் சூடானபின் ஸ்லோ. ஸ்லைடைத் தாங்கும் ஸ்க்ரூவால் ஓட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். இப்போது ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்றாக வெளியே எடுங்கள், ஒவ்வொரு முறையும் ஐந்தாறு விநாடி காத்திருந்து காதைக் கொடுங்கள். பிறகு உள்ளே. எங்கே இன்ஜின் சீராகவும் வேகமாகவும் ஓடுகிறதோ அதுதான் இடம். அங்கே விட்டுவிட்டு மற்ற ஸ்க்ரூவால் ஓட்டத்தை இறக்குங்கள். விஎம் கார்புரேட்டரில் ஏர் ஸ்க்ரூ காற்றைக் கட்டுப்படுத்துகிறது, உள்ளே திருகினால் கலவை செழிக்கும், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் கூடும், வெளியே எடுத்தால் மெலியும். நல்ல இடம் ஒரு சுற்றுக்கும் குறைவாக வந்தால் பைலட் ஜெட் ஒரு எண் பெரிசு வேண்டும். இரண்டரைச் சுற்றையும் தாண்டினால் ஒரு எண் சின்னது வேண்டும்.

அடுத்து நேராக மெயின் ஜெட்டுக்குப் போங்கள். நான் விடிகாலையில் சேந்தமங்கலத்திலிருந்து காரவள்ளி போகும் சாலையில், ஆள் நடமாட்டம் இல்லாத நேராக ஓடும் பகுதியில் பார்த்தேன். மூன்றாம் கியரில் முழுசாகத் திறந்து இன்ஜின் ஏறி வரும்போது பிடியை ஒரு நூல் அளவு மூடுங்கள். மூடியதும் வண்டி ஒரு தள்ளு தள்ளினால் கலவை மெலிந்திருக்கிறது, ஜெட் பெரிசு வேண்டும். முழுசாகத் திறக்கும்போது மூச்சடைத்த மாதிரி 'கொட கொட' என்று கனத்து ஓடி, கொஞ்சம் மூடினால் தெளிந்தால் கலவை செழித்திருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு எண்தான் மாற்ற வேண்டும். சந்தேகம் வந்தால் பெரிய ஜெட்டின் பக்கம் சாயுங்கள். செழிப்பான கலவையால் கொஞ்சம் பெட்ரோலும் பிளக்கும்தான் போகும், மெலிந்த கலவையில் வார்ப்பிரும்பு சிலிண்டர் கொதித்துப் பிஸ்டன் பிடித்துவிடும்.

இங்கே பெட்ரோலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமா வண்டி வாங்கிய காலத்துப் பெட்ரோல் இன்று பெட்ரோல் பங்க்கில் இல்லை. 2022-இல் எத்தனால் கலப்பு 10 சதவீதத்தை எட்டியது, இப்போது 20 சதவீதம். ஒரு கிலோ சுத்தப் பெட்ரோல் முழுசாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோதான். 20 சதவீதம் கலந்தால் சுமார் 13.5 ஆகிவிடுகிறது. அதாவது பழைய ஜெட் அதே அளவு ஊற்றினாலும் இன்ஜினுக்குக் கலவை மெலிந்தே தெரியும். கார்புரேட்டருக்குப் பதில் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வைத்த புது வண்டி சென்சாரைப் பார்த்துத் தானே கூட்டிக்கொள்ளும். புல்லட்டுக்கு நாம்தான் கூட்டிக் கொடுக்க வேண்டும். எங்கள் வண்டியில் பழைய மெயின் ஜெட் 90, இப்போது 95. ஊசியையும் ஒரு பள்ளம் உயர்த்தினேன்.

ஊசியைப் பார்ப்பது எளிது. பிடியை அரைக் கோட்டில் நிறுத்தி, ஒரே சீராக இரண்டு கிலோமீட்டர் போங்கள். பிறகு கால் கோட்டிலிருந்து முக்காலுக்குச் சட்டென்று திருகுங்கள். திணறி, ஒரு கணம் வெற்றிடம் மாதிரி விழுந்து பிறகு இழுத்தால் மெலிவு. கிளிப்பை ஒரு பள்ளம் கீழே போடுங்கள், ஊசி உயரும், பெட்ரோல் கூடும். சோம்பலாக இழுத்து, பின்னால் வருபவர் கரும்புகை வருகிறது என்றால் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே. ஸ்லைடின் வெட்டைப் பெரும்பாலும் தொட வேண்டியிருக்காது. எண் பெரிசானால் வெட்டு பெரிசு, கலவை மெலியும், அவ்வளவு தெரிந்தால் போதும்.

இதெல்லாம் முடிந்ததும் மறுபடி ஸ்லோவுக்கு வந்து ஏர் ஸ்க்ரூவைச் சரிபாருங்கள். ஆக்சிலேட்டரை மூடி இறக்கத்தில் வரும்போது சைலன்சரில் 'பட் பட்' என்று வெடித்தால், சைலன்சர் மூட்டில் கசிவு இல்லையென்று பார்த்துவிட்டு, ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று உள்ளே விடுங்கள்.

பிளக்கைப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காபிப்பொடி நிறம் வர வேண்டும் என்பது ஈயம் கலந்த பெட்ரோல் காலத்துக் கணக்கு. 2000-த்தோடு நாட்டில் அந்தப் பெட்ரோல் முடிந்துவிட்டது. இன்றைய பெட்ரோலில் பீங்கான் நுனி வெளிறித்தான் இருக்கும், அதைப் பார்த்துப் பயந்து ஜெட்டைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். புதுப் பிளக் போட்டு, முழுசாகத் திறந்து ஓட்டி, ஓட்டத்திலேயே கிளட்சைப் பிடித்துச் சாவியை அணைத்து, ஓரம் கட்டிக் கழற்றுங்கள். பீங்கான் அடியில், பிளக்கின் உடம்புக்குள் பதிந்திருக்கும் இடத்தில் மெல்லிய பழுப்பு வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். டார்ச்சும் பூதக்கண்ணாடியும் வேண்டும். வளையமே இல்லாமல் வெள்ளை வெளேரென்று இருந்தால்தான் மெலிவு.

மலை ஏறும்போது

காரவள்ளியில் தொடங்கி எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் கொல்லிமலை. ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைகிறது, கார்புரேட்டருக்கு அது தெரியாது, கீழே ஊற்றிய மாதிரியேதான் மேலேயும் ஊற்றும். அதனால் மேலே போனதும் ஸ்லோ கொஞ்சம் தடுமாறும், இழுவை குறையும். அங்கேயே நின்று ஜெட்டைச் சின்னதாக்க வேண்டாம். மலைக்கென்று சின்ன ஜெட் போட்ட வண்டி சமவெளிக்கு இறங்கி நெடுஞ்சாலையில் வேகம் எடுக்கும்போது கொதித்துவிடும். கீழே டியூன் செய்ததை அப்படியே வைத்து, மேலே ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று வெளியே எடுத்தால் போதும். மாமா அதற்கென்றே ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார், செம்மேட்டில் டீக்கடை வாசலில் திருகிவிட்டு, இறங்கும்போது மறக்காமல் உள்ளே விடுகிறார்.

முதல் 500 கிலோமீட்டரில் கேஸ்கட் அமுங்கிவிடும், ஃபிளாஞ்ச் நட்டுகளை மறுபடி தொட்டுப் பாருங்கள், அதே சமயம் கப்பைக் கழற்றி அடியில் தண்ணீரோ தூசியோ தங்கியிருக்கிறதா என்று பாருங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். வண்டியை இரண்டு வாரத்துக்கு மேல் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கப்பில் இருப்பது தீர்ந்து இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். அப்படிச் செய்யாமல் மழைக்காலம் முழுக்க நின்ற ஒரு வண்டியின் பைலட் ஜெட்டை, வெள்ளைப் பொடி அடைத்த நிலையில், போன மாதம்தான் கழற்றி எடுத்தேன்.